வௌவால் கொட்டகையில் ஒரு ஜோடி மெட்டி

எங்கள் கொட்டகைக் கதவில் ஒரு பலகை தொங்கும். பூ கூடாது, பவுடர் கூடாது, வளையல் கூடாது, செருப்பு கூடாது, செல்போன் கூடவே கூடாது என்று வரிசையாக எழுதியிருக்கும். எல்லாவற்றுக்கும் கீழே, வேறு மையில், ‘பாதத்தைக் காட்டிவிட்டு உள்ளே வரவும்’ என்று ஒரு வரி. புதிதாகப் படிக்க வருகிற பிள்ளைகள் வாசலில் ஒற்றைக் காலில் நின்று பாதத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். நான் குனிந்து விரல்களைப் பார்த்துத் தலையாட்டுவேன். எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது. சேற்றுப்புண் இருந்தால் வௌவாலுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு பையன் அடுத்தவனுக்கு விளக்கம் சொன்னதை நானே கேட்டேன். அது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறு வருஷம் இரண்டு பேர் காலில் களிம்பு தடவிக்கொண்டு வந்து நின்றார்கள்.

என் வேலையின் கடைசி நாளில் நிவேதா என்கிற ஆராய்ச்சி மாணவிதான் நேராகக் கேட்டாள். “அம்மா, இந்தக் கால் காட்டுற கதை என்ன? நீங்க போயிட்டா யாருக்கும் தெரியாதே.” நான் வழக்கம்போலச் சிரித்துவிட்டு டீ டம்ளர் கழுவப் போய்விட்டேன். அவள் விடவில்லை. ஒரு நோட்டைக் கையில் திணித்து, “வாயால சொல்ல வேணாம்மா, எழுதிக் குடுங்க” என்றாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். எங்கள் மேடம் என் எழுத்தை இருபது வருஷம் படித்தார். அவருக்குக் கண்ணாடி போட்டதற்கு நான்தான் காரணம் என்று சொல்வார்.

பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஓட்டம் நின்றுபோன ஒரு நெல் மில் இருந்தது. நாங்கள் கொட்டகை என்று சொல்வது அதைத்தான். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். அங்கே சத்தம் அதிகம், ஆட்கள் அதிகம், யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே தட்டைக் கீழே போட்டுவிடுவேன். பழைய மில்லில் கூட்டிப் பெருக்க ஒரு ஆள் வேண்டும், அங்கே ஒரே ஒரு அம்மாதான் இருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் போய் நின்றேன். அங்கே அந்த அம்மாவோடு நாற்பது வௌவால்களும் இருப்பதை யாரும் சொல்லவில்லை.

அந்த அம்மாதான் சுகந்தி மேடம். நாகர்கோவில் பக்கம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வௌவால் இருட்டில் எப்படி எதிலும் முட்டாமல் பறக்கிறது, பறந்துகொண்டே எதை எது என்று எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. மேடம் எது சொன்னாலும் நான் தலையை ஆட்டுவேன். மூன்று வாரம் கழித்து என்னிடம் கைஜாடையில், மெதுவாக, ‘சாப்பிட்டாயா’ என்று கேட்டார். “சாப்ட்டேன் மேடம்” என்றேன். கையிலிருந்த பென்சிலைக் கீழே போட்டுவிட்டார். அதுவரை என்னை ஊமை என்று நினைத்திருக்கிறார்.

வேலை பழகியதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் நாய்க்கடி ஊசி போட்டார்கள். “நாயும் கடிக்கல, வௌவாலும் கடிக்கல, முன்னாடியே ஊசியா? இன்னா வேலமே இது?” என்று என் வீட்டுக்காரர் முனுசாமி தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். பிறகு தோல் கையுறை மாட்டப் பழகினேன். பிறகு கடி வாங்கினேன். எங்களுடையவை மாம்பழம் தின்கிற பெரிய வௌவால் அல்ல. ஏரி மதகுக்குள் தொங்குகிற பூச்சி தின்னும் சின்ன ஜாதி, கட்டை விரல் அளவு உடம்பு. மேடம் ஒவ்வொன்றின் கையிலும் நம்பர் போட்ட வளையம் மாட்டியிருந்தார். எனக்கு நம்பர் மனதில் நிற்காது. அதனால் ரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டேன். கையுறையைத் தாண்டிக் கடிக்கும் ஏழாம் நம்பர் எனக்கு நாத்தனார். எப்போதும் தூங்கும் பன்னிரண்டு என் பெரிய மச்சான். நாத்தனார்தான் எல்லாவற்றிலும் கெட்டிக்காரி. நிஜ நாத்தனாரும் அப்படித்தான், அதை எழுதவில்லை.

வெளியே விடிந்தால் எங்கள் கொட்டகையில் இரவு. ராத்திரி முழுக்க லைட்டைப் போட்டு வைத்து, பகலில் கறுப்புத் துணி கட்டி இருட்டாக்கிவிடுவோம். கம்பெனிப் பிள்ளைகளுக்கு நைட் ஷிப்ட் மாற்றுகிற மாதிரி வௌவாலுக்கு ஷிப்ட் மாற்றி வைத்திருந்தோம். அவற்றுக்கு ஓ.டி. கிடையாது.

இனி அந்தச் சோதனையைச் சொல்கிறேன், ஏனென்றால் நான் செய்த கூத்து அதற்குள்தான் இருக்கிறது.

நீளமான அறை. இந்தக் கோடியில் மேடம் வௌவாலைக் கையில் பிடித்துக்கொண்டு நாற்காலியில் இருப்பார். அந்தக் கோடியில் ஒரு கறுப்புத் திரை. திரையில் இடது பக்கம் ஒரு ஜன்னல், வலது பக்கம் ஒரு ஜன்னல். ஒரு ஜன்னலுக்குப் பின்னால் வழவழப்பான பலகை, இன்னொன்றில் மணல் ஒட்டிய சொரசொரப்புப் பலகை. இரண்டின் அடியிலும் ஒரு சோடா மூடி ஒட்டியிருக்கும். சொரசொரப்புப் பலகையின் மூடியில் மட்டும் தவிட்டில் வளர்த்த புழு ஒன்று இருக்கும். வாசனை பிடித்துப் போய்விடக் கூடாது என்று இரண்டு மூடியிலும் புழுவைத் தேய்த்து வைப்போம். எந்தப் பலகை எந்தப் பக்கம் என்பது ஒவ்வொரு தடவையும் சீட்டுப்படி மாறும். வௌவால் தன் சத்தத்தை அனுப்பி, அது திரும்பி வருவதைக் கேட்டே சொரசொரப்பு எது என்று கண்டுபிடிக்குமா? இதுதான் கேள்வி.

திரைக்குப் பின்னால் நிற்பது நான். எனக்காகவே கடவுள் உண்டாக்கிய வேலை. யாரும் என்னைப் பார்க்க முடியாது. சீட்டைச் சின்னச் சிவப்பு விளக்கில் பார்ப்பேன், பலகைகளை மாட்டுவேன், புழுவை வைப்பேன், நடுவில் வந்து சுவரோடு ஒட்டி நிற்பேன், கயிற்றை இழுப்பேன். மேடம் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும். அப்போது அவர், வௌவால் பேசுவதை நம் காதுக்குக் கேட்க வைக்கிற பெட்டியைப் போடுவார், கையைத் திறப்பார். அது பறந்துவந்து சரியான பலகையில் உட்கார்ந்தால் தாளில் ஒரு டிக், தப்பினால் ஒரு பெருக்கல். தாளின் ஓரத்தில் ‘குறிப்பு’ என்று ஒரு பத்தி இருக்கும். இரண்டு வருஷத்தில் அதில் நான் ஒரு எழுத்து எழுதியதில்லை.

மேடம் கத்தியே நான் பார்த்ததில்லை. கொட்டகைக்குள் கிசுகிசுத்துப் பேசிப் பழகி, ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் கத்தரிக்காய் வாங்கும்போதும் கிசுகிசுப்பார். கடைக்காரர் ஏதோ ரகசியம் என்று தராசைத் தாண்டிக் குனிவார். தப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது. “ஒருக்கா கூட பாப்போம் கேட்டியா” என்பார். அந்த ‘இன்னொரு முறை’ சில நாள் அறுபது தடவை ஆகும். ஆனால் கதவில் மட்டும் கண்டிப்பு. தினமும் என் கையைப் பார்ப்பார், தலையைப் பார்ப்பார், முகத்தை மோந்தே பார்ப்பார். ரப்பர் செருப்பு கீச்சிடுகிறது என்று அதையும் கழற்ற வைத்தார். எல்லாம் பார்த்தவர் என் காலை மட்டும் பார்க்கவில்லை. புடவை தரை வரை இருக்கும்.

என் காலில் மெட்டி இருந்தது.

சாதாரண மெட்டி இல்லை. என் வீட்டுக்காரர் சொல்லிச் செய்த கெட்டி வெள்ளி. ஒவ்வொன்றும் மாட்டுக் குளம்புக்கு அடிக்கும் லாடம் மாதிரி இருக்கும். “இன்னாத்துக்கு இவ்ளோ கனம்?” என்று மாமியார் கேட்டதற்கு, “இவதான் வாயே தொறக்கறதில்லயே. வூட்ல எங்க கீறான்னு நான் எப்படித் தெரிஞ்சிக்கறது?” என்றார். சிமெண்டுத் தரையில் நான் நடந்தால் டிக் டிக் என்று கேட்கும். எனக்கு அது பழகி, காதில் விழுவதே நின்றுபோய்விட்டது.

இரண்டாவது வருஷக் கடைசியில் எங்கள் வௌவால்கள் பத்துக்குப் பத்து டிக் வாங்க ஆரம்பித்தன. நாத்தனார் ஒரு வாரம் முழுக்க ஒரு பெருக்கல்கூட வாங்கவில்லை. மேடம் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இவ்வளவு துல்லியமாக யாரும் காட்டியதில்லையாம். எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டார். மாதக் கடைசியில் பெங்களூரில் பெரிய கூட்டம், அங்கே இதைச் சொல்லப் போகிறார். கொட்டகையைத் தொடர்ந்து நடத்த விடுவார்களா, மூடச் சொல்வார்களா என்பதும் அங்கேதான் முடிவாகும். மிச்சம் இருந்தது ஒரு வாரச் சோதனைதான்.

அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் போய்விட்டார். ஒரகடத்தில் லாரிக்கு லோடு ஏற்றிவிட்டு வந்து படுத்தவர், காலையில் எழுந்திருக்கவில்லை. மேடம் வந்து, ஒன்றும் பேசத் தெரியாமல் என் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். பேசத் தெரியாத இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்தது. பத்தாம் நாள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். தாலியோடு மெட்டியையும் கழற்றினார்கள். அதை ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைத்தேன்.

பதினாறு நாள் முடிந்து வேலைக்குப் போனேன். மேடம் அதுவரை சோதனை நடத்தாமல் எனக்காகக் காத்திருந்தார். முதல் நாள் நாத்தனார் பத்தில் ஐந்து. கண்ணை மூடிக்கொண்டு பூவா தலையா போட்டாலும் அது வரும். பெரிய மச்சான் நான்கு. “ஒருக்கா கூட பாப்போம்” என்றார் மேடம். மறுநாளும் அப்படியே. வௌவால்களை எடை போட்டார். காதில் புண் இருக்கிறதா என்று பார்த்தார். புழுவை மாற்றினார். மூன்றாம் நாள், கொட்டகைக்குப் பின்னால் புதிதாக வந்த பார்ட்ஸ் கம்பெனி மேல் அவர் சந்தேகம் விழுந்தது. அங்கே ஏதோ மெஷின் போட்டிருக்கிறார்கள், நம் காதுக்குக் கேட்காத சத்தம் வருகிறது, வௌவாலுக்குக் காது அடைத்துப்போகிறது என்று ஒரு கடிதம் எழுதினார். மறுநாள் அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு. அந்தக் கம்பெனியில்தான் என் மகள் லைனில் வேலை செய்கிறாள். அந்த மெஷினும் இரண்டு மாதமாக, வௌவால்கள் பத்துக்குப் பத்து வாங்கியபோதும், ஓடிக்கொண்டுதான் இருந்தது. இதுவும் எனக்குத் தெரியும். சொல்லத்தான் இல்லை.

அன்று சாயங்காலம் டீ கொண்டுபோய் மேடம் மேஜையில் வைத்தேன். அவர் துள்ளி எழுந்தார். டீ கடிதத்தின்மேல் கொட்டியது.

“ஐயோ, பச்சையம்மா! நீ வந்ததே தெரியலையே. முன்னெல்லாம் டீ வருதுன்னு தூரத்திலயே தெரியும்.”

ஈரத் துணி எடுக்கத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டேன். மேடத்துக்கு எப்படித் தெரிந்தது? என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த மாதிரிதான்.

பிறகு எல்லாம் வரிசையாக வந்தது. புழுவை முன்னாலேயே வைத்தால் மூடியிலிருந்து ஊர்ந்து ஓடிவிடும். அதனால் நான் வழவழப்புப் பலகையை முதலில் மாட்டிவிட்டு, சொரசொரப்புப் பக்கம் போய், கடைசியாகப் புழுவை வைத்துவிட்டுத்தான் நடுவுக்கு வருவேன். எப்போதும். என் சாமர்த்தியம் என்று அதை நினைத்திருந்தேன். மேடம் கைக்குள் இருக்கிற நாத்தனார், டிக் டிக் கடைசியாக எந்தப் பக்கம் நின்றதோ அந்தப் பக்கம் பறந்திருக்கிறாள். பலகையாவது, மணலாவது! பெட்டியைப் போடுவது நான் கயிறு இழுத்த பிறகுதான், அதனால் பெட்டிக்கும் தெரியவில்லை. மேடத்துக்கும் என்னைப் போலவே அந்தச் சத்தம் பழகிப்போயிருந்தது. என் வீட்டுக்காரர் போனதை ஊருக்குச் சங்கு ஊதித் தெரிவித்தார்கள். நாத்தனாருக்கு நான் மெட்டி கழற்றியதில் தெரிந்திருக்கிறது.

சொன்னால் மேடத்தின் இரண்டு வருஷம் போகும். கொட்டகையும் போகலாம். சொல்லாவிட்டால் மேடம் நாளைக்கு ஒரு பாவமும் அறியாத கம்பெனியைத் திட்டுவார், மாதக் கடைசியில் நாலு பேர் நடுவில் நின்று என் மெட்டியைப் பார்த்து இதுதான் வௌவாலின் அறிவு என்பார். அன்று பஸ்ஸை விட்டுவிட்டுக் கொட்டகையைச் சுற்றி நாலு முறை நடந்தேன். ஒவ்வொரு முறையும் கதவருகில் வந்ததும் திரும்பிவிட்டேன். கடைசியில் உள்ளே போய், அன்றைய தாளை எடுத்து, அந்தக் குறிப்புப் பத்தியில் ‘மெட்டி இல்லை. அதனால்’ என்று எழுதி மேடம் முன்னால் வைத்துவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

படித்தவர் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார். “இவ்வளவு மனசுக்குள்ள வச்சிட்டு எதுக்கு வேலைக்கு வந்தே? உனக்கு இன்னும் ஒரு மாசம் லீவு வேணும்னா எடுத்துக்கோ.”

“எனக்கில்ல மேடம்” என்றேன். “வௌவாலுக்கு.”

அதற்கு மேல் நிறுத்த முடியவில்லை. இருபது வருஷத்தில் நான் சேர்ந்தாற்போல் அதிகம் பேசியது அன்றைக்குத்தான். மேடம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“புழுவை எப்பவுமே கடைசியிலதான் வைப்பியா?”

“முன்னாடியே வச்சா ஊர்ந்து பூடுது மேடம்.”

கண்ணை மூடிக்கொண்டார். பிறகு டீ கொட்டிய கடிதத்தை நாலாகக் கிழித்தார்.

மறுநாள் மெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். போட்டுக்கொண்டு நட என்பாரோ என்று வழியெல்லாம் பயம். ஒருமுறை கழற்றியதை நான் எப்படி மறுபடி மாட்டுவேன்? டப்பாவை நீட்டியபடி நின்றதைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

“எனக்கு இதை ஒருத்தரும் போட்டுவிடலை. வௌவாலுக்காக நானே போட்டுக்கிறேன். எந்த விரல், பச்சையம்மா?”

“ரெண்டாவது விரலு மேடம்.”

என்னுடையது சின்னக் கால், அவருடையது கொஞ்சம் பெரியது. அழுத்தித்தான் ஏறியது. அவர் திரைக்குப் பின்னால் போனார், நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த நாற்காலியின் நுனியில் ஒரு விரல் அகலத்தில்தான் உட்கார்ந்தேன். கையில் நாத்தனார். இந்த முறை இரண்டு ஜன்னலிலும் வழவழப்புப் பலகைதான், இரண்டிலும் புழு. மேடம் மட்டும் தன் மனதுக்குப் பட்ட ஒரு பக்கம் போய்க் காலைத் தட்டிவிட்டு நடுவுக்கு வருவார். மெட்டி பழகாத கால், டக்கு டக்கென்று குதிரை நடை. நாத்தனார் என் கைக்குள் காதை அந்தப் பக்கம் திருப்பியது விரலில் தெரிந்தது. கையைத் திறந்தேன். போனாள். தாளில் டிக் போட வேண்டியது நான். பத்துக்குப் பத்து. ஒவ்வொரு டிக்கும் போடும்போது மேடத்தின் இரண்டு வருஷத்தை நானே அடிப்பது போல இருந்தது.

மேடம் திரையை விலக்கிக்கொண்டு வந்து தாளைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்தார். அழப்போகிறார் என்று தண்ணீர் எடுக்க ஓடினேன். திரும்பி வந்தால் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் வர வர. “ரெண்டு வருஷமா நான் உன்னையில்லா படிச்சிருக்கேன்! வௌவால் எல்லாம் சேர்ந்து பச்சையம்மா எங்க நிக்கான்னு சொல்லிருக்கு!”

அதற்குள் விரல் வீங்கி மெட்டி கழறவில்லை. சோப்பு போட்டோம், தேங்காய் எண்ணெய் போட்டோம். இரண்டு நாள் அப்படியே நடந்தார். டீக்கடை அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மேடத்துக்கு எப்போ கண்ணாலம் ஆச்சி? சொல்லவே இல்ல பாரு!” என்றாள். நான் சிரித்துவிட்டு வந்தேன். ஊரெல்லாம் பரவிவிட்டது, அதுவும் என் வாய் செய்த வேலைதான்.

பெங்களூர் கூட்டத்துக்கு மேடம் போனார். எழுதி வைத்ததைச் சொல்லவில்லை, எப்படி ஏமாந்தோம் என்பதைச் சொன்னாராம். சிலர் சிரித்தார்களாம். இரண்டு பேர் மட்டும் ஊருக்குப் போனதும் தங்கள் கொட்டகையில் வேலை செய்கிறவர்களின் காலைப் பார்க்க வேண்டும் என்றார்களாம். எங்களுக்கு ஒரே ஒரு வருஷம் தவணை கிடைத்தது. கதவுப் பலகையில் பாதத்தைக் காட்டச் சொல்லும் வரியை எழுதிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம். இரண்டு மூடியிலும் புழு வைத்து, ஒன்றைச் சல்லடையால் மூடி, எந்தப் பக்கம் முதலில் போவது என்பதையும் சீட்டில் எழுதி, நான் சாக்கைக் காலில் சுற்றிக்கொண்டு நடந்தேன். ஐந்து மாதம் பாதிக்குப் பாதி பெருக்கல்தான். ஆறாவது மாதம் நாத்தனார் பத்தில் ஏழு வாங்கினாள். பிறகு எட்டு. பத்து வரவேயில்லை. மேடம் அந்த ஏழைப் பார்த்த பார்வை, பழைய பத்தைப் பார்த்தபோதுகூட இல்லை. கொட்டகை இன்றைக்கும் இருக்கிறது.

மெட்டியை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. வீட்டில் டப்பாவில் கிடப்பதற்கு, இங்கே அதற்கு வேலை இருந்தது. புதிய வௌவால்கள் பழகி முடித்ததும், அவை நிஜமாகப் பலகையைத்தான் கேட்கின்றனவா, ஆளைக் கேட்கின்றனவா என்று பார்க்க, மெட்டியை ஒரு குச்சியில் மாட்டித் தவறான பக்கத்தில் தட்டிப் பார்ப்போம். ஏமாறாத வௌவால்தான் தேறிய வௌவால். மேடம் ஓய்வு பெற்றுப் போன பிறகும், கேமரா எல்லாம் வந்து திரைக்குப் பின்னால் ஆள் நிற்பதே இல்லாமல் போன பிறகும், அந்தச் சோதனை மட்டும் நிற்கவில்லை.

நான் வேலையை விட்ட அன்று என் பொறுப்பில் இருந்த சாமான்களை நிவேதாவிடம் ஒப்படைத்தேன். கையுறை, தராசு, வலை, தவிட்டுத் தொட்டி என்று ஒவ்வொன்றாகப் பட்டியலில் டிக் போட்டுக்கொண்டே வந்தவள், அலமாரியின் கடைசி அறையில் நின்றாள். “மெட்டி, வெள்ளி, ஒரு ஜோடி. நல்ல நிலையில்” என்று படித்தாள். அது சுகந்தி மேடத்தின் கையெழுத்து.

“இது யாரோடதும்மா? குறிப்புல எழுதணுமே.”

அவள் கையிலிருந்த பேனாவை வாங்கி, அந்தப் பத்தியில் நானே எழுதினேன்: ‘நாத்தனாருடையது.’